கடிதம் வந்து சேராத கார்

வாசகர்களே, உங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறதா? அது யார் பெயரில் இருக்கிறது?

“இது என்ன கேள்வி வாத்தியாரே? காசு கொடுத்து வாங்கியவன் நான், கார் என்னுடையதுதானே?” என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பெட்டியைத் திறந்து கிராண்டை எடுத்துப் பாருங்கள். நம்மில் பலருடைய கார் மூன்றாவது கை, நான்காவது கை மாறி மலையேறி வந்தது. சிலர் சம்போங் பாயாரில் ஓட்டுகிறார்கள். மாதக் காசு கட்டுவது நாம், பெயர் இன்னொருவருடையது. இதில் சட்டச் சிக்கல் இருப்பது நமக்குத் தெரியும். உயிர்ச் சிக்கலும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கோலா தெர்லாவில் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெரிய வைத்தியம், கல்யாணச் சாமான், மகளின் கல்லூரி எல்லாவற்றுக்கும் சிம்பாங் பூலாய் பாதையில் இறங்கி ஈப்போவுக்குப் போக வேண்டும். ஆகவே பழைய காராக இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்குகிறோம். டயரைப் பார்க்கிறோம், இஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம். ஸ்டீயரிங்குக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறோம்?

சிபு நகரில் நடந்தது

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம், சரவாக்கின் சிபு நகரில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் ஹோண்டா சிட்டி கார் ஓட்டிச் சென்றார். கார் 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இன்னொரு காருடன் மோதியது. உயிரைக் காப்பதற்காக ஸ்டீயரிங்கில் வைத்திருந்த காற்றுப்பை விரிந்தது. ஆனால் அதற்குள் இருந்த உலோகக் குப்பி வெடித்துச் சிதறி, ஒரு துண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. தாயும் போனார், குழந்தையும் பிழைக்கவில்லை. டக்காட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பையால் அமெரிக்காவுக்கு வெளியே நேர்ந்த முதல் மரணமாக அது பதிவாயிற்று. அதன் பிறகு 2016ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் இப்படி உயிர்கள் போயின. உலகம் முழுவதும் 30 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

காக்க வைத்த பை எப்படிக் கொன்றது? கார் மோதியவுடன் குப்பிக்குள் இருக்கும் இரசாயன மருந்து எரிந்து வாயுவாகி, கண் இமைக்கும் முன் பையை ஊதிவிட வேண்டும். டக்காட்டா அந்த மருந்துக்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. அதற்கு ஈரம் ஆகாது. ஈரத்தை உறிஞ்சும் பொருளைக் கூடவே வைத்திருக்க வேண்டும். பல குப்பிகளில் அதை வைக்கவில்லை. பகல் வெயிலில் சூடேறி, இரவில் குளிர்ந்து, ஆண்டுக் கணக்கில் ஈரம் பட்டுப் பட்டு, மருந்து வில்லை பிஸ்கட் நமத்துப்போவது போல் கெட்டுவிட்டது. கெட்ட மருந்து அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்தது. குப்பி தாங்கவில்லை.

“வெயில்தானே காரணம்? நம் மலை குளிர்ச்சி, நமக்கு ஆபத்தில்லை” என்று நினைக்காதீர்கள். உங்கள் கார் மலைக்கு வந்தது எப்போது? அதற்கு முன் பத்து ஆண்டு கோலாலம்பூரிலோ பினாங்கிலோ திறந்த வெளியில் நின்று வெந்திருக்கும். கெட்டுப்போன மருந்து குளிர்ந்த இடத்துக்கு வந்ததால் மறுபடியும் நல்லதாகிவிடாது.

4,000 கோடிகளான கதை

இதைக் கண்டுபிடித்தது யார்? அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. 1970இல் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென்று தனி அரசாங்க இலாகா அமைந்தது. கார் வைத்திருப்பவர்கள் அங்கே புகார் கொடுக்கலாம். ஒரே மாதிரிப் புகார்கள் சேர்ந்தால் அதிகாரிகள் விசாரிப்பார்கள். குறை நிரூபணமானால், கம்பெனி அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகப் பழுது நீக்க வேண்டும். இதைத்தான் ‘ரீகால்’ என்கிறார்கள்.

ஆனால் சட்டம் இருந்தும் காலம் ஓடியது. முதல் குப்பி வெடித்த செய்தி 2004இலேயே கம்பெனிக்குத் தெரியும். ஏதோ ஒன்று தவறிவிட்டது என்று எண்ணினார்கள். 2008இல் திரும்ப அழைத்தது சுமார் 4,000 கார்களைத்தான். 2009இல் அமெரிக்காவில் ஓர் இளம் பெண் இறந்தாள். புகார்மேல் புகார் வந்தது, விசாரணை விரிந்தது. கடைசியில் அமெரிக்காவில் மட்டும் மாற்றவேண்டிய குப்பிகள் 6 கோடியே 70 லட்சம் என்று கணக்காயிற்று. ஹோண்டா மட்டுமல்ல, டோயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ என்று பல கம்பெனிக் கார்களிலும் அதே குப்பி இருந்தது. பரிசோதனைக் கணக்குகளை மாற்றி எழுதி கார்க் கம்பெனிகளை ஏமாற்றியதை டக்காட்டா 2017இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 100 கோடி டாலர் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு அது திவாலானது.

4,000க்கும் 6 கோடியே 70 லட்சத்துக்கும் நடுவே இருந்தது என்ன? “என் காரில் இப்படி நடந்தது” என்று வாய் திறந்து சொன்ன சாதாரண மனிதர்களின் புகார்தான். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “தலையெழுத்து” என்று சொல்லி, சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்போம்.

என் வீட்டுக் கதை

பிறருக்குச் சொல்லும் நான் மட்டும் ஒழுங்கா? சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு பழைய கார் வாங்கினேன். எனக்கு முன் இருவர் கையில் இருந்தது. ஒரு நாள் கம்போங் ராஜா வொர்க்‌ஷாப்பில் எண்ணெய் மாற்றக் கொடுத்தபோது, என் பழைய மாணவனான அந்த மெக்கானிக் கேட்டான்: “சார், காற்றுப்பை மாற்றியாச்சா?” நான் விழித்தேன். கிராண்டில் இருந்த சேசிஸ் எண்ணைத் தன் கைப்பேசியில் தட்டிப் பார்த்தான். பயணி இருக்கைப் பக்கத்துக் குப்பி மாற்றப்படவில்லை என்று வந்தது.

கம்பெனி கடிதம் அனுப்பாமல் இல்லை. ஒன்றுக்கு மேல் அனுப்பியிருந்தது, முதல் உரிமையாளரின் பழைய வீட்டு விலாசத்துக்கு! அவர் வீடு மாறிவிட்டார். கார் கைமாறிவிட்டது. கடிதம் யார் வீட்டுக் குப்பையில் கிடந்ததோ!

என்னை உலுக்கியது வேறொன்று. அந்த இருக்கையில் தினமும் உட்கார்ந்து வந்தவர் என் தாயார். முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்த கால்கள். முட்டி வலிக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். “முன்னால் உட்காருங்கள் அம்மா, சௌகரியமாக இருக்கும்” என்று நானேதான் உட்கார வைத்தேன். மறுவாரமே ஈப்போ சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். குப்பியை மாற்றித் தந்தார்கள். ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. நான் எத்தனையாவது உரிமையாளர் என்றும் கேட்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

கிராண்டில் சேசிஸ் எண் இருக்கும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காரின் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்து, “இந்த எண்ணுக்கு ரீகால் உண்டா?” என்று கேளுங்கள். பல கம்பெனிகள் இணையத்திலும் பார்க்க வழி வைத்திருக்கின்றன. உங்கள் பிள்ளை இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான். காற்றுப்பை மட்டுமல்ல, பிரேக், எண்ணெய்க் குழாய் எதற்கு ரீகால் இருந்தாலும் இதே வழிதான். ரீகால் வண்டிக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. பழைய கார் என்று கூச்சப்பட வேண்டாம். வேலை முடிந்தால் அத்தாட்சிச் சீட்டு வாங்கிக் கிராண்டோடு வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவரிடம் காட்டுங்கள்.

செலவு மிச்சம் என்று வெட்டுக்கடையில் பழைய காற்றுப்பை வாங்கி மாட்டாதீர்கள். அந்தப் பழைய பையே கெட்ட பையாக இருக்கலாம். நீங்களாகக் கழற்றவும் முயலாதீர்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ரீகால் என்பது கம்பெனி செய்த தவற்றுக்கு மட்டும்தான் மருந்து. 2013 ஆகஸ்டில் கெந்திங் மலைப்பாதையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டபோது, அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு பஸ்ஸின் பிரேக் கோளாறைச் சுட்டிக்காட்டியது. மலையில் இறங்கும் வண்டிக்குப் பிரேக்தான் உயிர். அதைப் பார்த்து வைத்துக்கொள்வது நம் கடமை.

நம் பெரியவர்கள் கடிதம் வந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளையைத் தேடிப் போவார்கள். இன்று வீட்டில் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் இந்தக் கடிதம் நம் விலாசத்துக்கு வராது. நாமே தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிராண்டை எடுப்பீர்களா? முன் இருக்கையில் உட்காருபவர் யார் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். எடுப்பீர்கள்.