ஒருபோதும் முடியாத கரை

மண்ணைக் கொட்டி, இறுக்கி, மேலே புல் வளர்த்துவிட்டால் கரை வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் லூசியானாவின் தென்கோடியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அங்கே அது முடியவே முடியாத வேலை.

லஃபூர்ஷ் வட்டாரத்தில் லரோஸ் முதல் கோல்டன் மெடோ வரை உள்ள ஊர்களைச் சுற்றி வளைத்து, சுமார் 48 மைல் நீளத்துக்கு ஒரு மண்கரை இருக்கிறது. நம்ம ஏரிக்கரை தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும்; இது கடலை வெளியே நிறுத்துகிறது. உள்ளே பெய்யும் மழையை பம்பு போட்டுத்தான் வெளியே தள்ளணும்.

சிக்கல் அடிமண்ணில் இருக்கிறது. மிசிசிப்பி கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மக்கிய சதுப்புப் புல்லும்தான் அந்த நிலம். மேலே களிமண்ணை ஏற்றினால் கரை தன் பாரத்திலேயே அமுங்கும். அவசரப்பட்டு ஒரேயடியாக உயர்த்தினால் பக்கவாட்டில் சரியும். அதனால் ஒரு அடுக்கு போட்டு, சில வருஷம் படிய விட்டு, அப்புறம் அடுத்த அடுக்கு. இதற்குள் நிலமும் தாழ்கிறது, கடலும் ஏறுகிறது. அலையின் வேகத்தைக் குறைக்கும் சதுப்பு நிலமும் வெளியே கரைந்துகொண்டே போகிறது.

2005ல் கத்ரீனா வந்தபோது நியூ ஆர்லியன்ஸில் சில கால்வாய்ச் சுவர்கள், தண்ணீர் உச்சியைத் தொடும் முன்பே சாய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை விதிகளைக் கடுமையாக்கியது. நியாயம்தான். ஆனால் அந்த விதிப்படி திட்டம் தயாராகி, மத்திய அரசின் பணம் வந்து சேர எத்தனை வருஷம் ஆகும்? தெற்கு லஃபூர்ஷ் மக்கள் காத்திருக்கவில்லை. தங்களுக்குத் தாங்களே டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி போட்டுக்கொள்ள ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பணத்தில் கரையை உயர்த்தினார்கள்.

2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் மணிக்கு 150 மைல் வேகக் காற்றோடு பக்கத்திலேயே, ஃபூர்ஷோன் துறைமுகத்தில், கரையேறியது. கூரைகள் பறந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. ஆனாலும் கரை நின்றது. கடல் உள்ளே வரவில்லை.

இதை வைத்து விதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். ஆனால் அதே புயலில் லஃபீட் என்ற மீனவ ஊர் மூழ்கியது. நியூ ஆர்லியன்ஸைச் சுற்றி சுமார் 1,450 கோடி டாலரில் கட்டிய அரணுக்கு வெளியே, தெற்கே இருக்கிற ஊர் அது. அங்கே இருந்தது தாழ்வான உள்ளூர்க் கரைதான். ரொம்பப் பேர் கரையை நம்பாமல், வீட்டையே உயரமான தூண்கள் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.