காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம்: யாருக்குப் பெயர் கிடைத்தது?

தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில், தொடர்வண்டி நிலையத்திற்கு அருகே, முதன்மைச் சாலையை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம் உள்ளது. சீராக வெட்டப்பட்ட புல்வெளி, நேர்வரிசையில் தாழ்வான கற்கள், ஒவ்வொரு கல்லின் மீதும் ஒரு வெண்கலப் பட்டயம். பட்டயத்தில் படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. பலவற்றின் அடியில் குடும்பத்தினர் தேர்ந்தெடுத்த ஓரிரு வரிகளும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதிகளாகி, சயாம்–பர்மா ரயில்பாதைப் பணியில் மாண்டவர்களின் இடம் இது. பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளின் வீரர்கள் 5,084 பேரும் டச்சு வீரர்கள் 1,896 பேரும் இங்கே நினைவுகூரப்படுகின்றனர்.

இத்தோட்டத்தைக் காணச் செல்லும் தமிழர் எவரும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. அதே பாதையில், அதே ஆண்டுகளில், இவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மடிந்த ஆசியத் தொழிலாளர்கள் எங்கே? அவர்களுள் பெருந்தொகையினர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். அவர்களின் ஒரு பெயர்கூட இந்தப் புல்வெளியில் இல்லை. இது தற்செயலான விடுபடல் அன்று. ஒரு மனிதர் எந்த வகைப்பாட்டில் வைக்கப்பட்டார் என்பதே, இறந்தபின் அவருக்குப் பெயர் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை, பர்மாவிலிருந்த தன் படைகளுக்குத் தளவாடம் அனுப்புவதற்காக ஜப்பானியப் படை 1942இல் அமைக்கத் தொடங்கியது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. காடும் பாறையும் பெருமழையும் சூழ்ந்த அந்தப் பணியில் 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தனர். மலாயா, ஜாவா, பர்மா, தாய்லாந்து ஆகிய பகுதிகளிலிருந்து திரட்டப்பட்ட குடிமக்களில் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் எனக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே மதிப்பிடுகிறது. கைதிகளின் இறப்புக்கு எண்ணிக்கை இருக்கிறது. தொழிலாளர்களின் இறப்புக்கு மதிப்பீடு மட்டுமே இருக்கிறது.

மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கும் அதிகம். அவர்கள் யார்? சென்னை மாகாணத்தின் கிராமங்களில் நிலமின்றி, பண்ணையடிமைகளாகவும் கூலிகளாகவும் இருந்து, கங்காணிகளின் வழியே மலாயாவுக்குக் கப்பலேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அவர்களுள் பறையர், பள்ளர் உள்ளிட்ட தலித் சமூகத்தினர் கணிசமானோர். சேரியிலிருந்து தப்பியவர்கள் தோட்டத்து லயத்தில் அடைபட்டனர். போர் வந்ததும் இரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போயின. சில மாத வேலை, நாட்கூலி, உணவு என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் சென்றனர். இலவசத் திரைப்படம் என்று அழைத்து, கூடியவர்களை அப்படியே வண்டியேற்றினர் என்பது உயிர் பிழைத்தோர் சாட்சியங்களில் காணப்படும் செய்தி. குடும்பத்தோடு சென்றவர்களும் உண்டு.

அவர்களின் இறப்பு விகிதம் கைதிகளைவிட அதிகமாக இருந்ததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. போர்க்கைதிகள் படைப்பிரிவுகளாகவே முகாம்களில் இருந்தனர். அவர்களுடன் அதிகாரிகள் இருந்தனர்; மருத்துவர்கள் இருந்தனர்; குடிநீரைக் கொதிக்க வைக்கவும் கழிவுக்குழிகளை முறைப்படுத்தவும் ஒழுங்கமைப்பு இருந்தது. தொழிலாளர் முகாம்களில் இவற்றில் ஏதும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியபோது அந்த முகாம்கள் சிதைந்தன. அவற்றுக்கு மருத்துவ உதவி வேண்டி, போர்க்கைதிகளாக இருந்த மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கொண்ட ‘கே’, ‘எல்’ என்ற இரு குழுக்களை ஜப்பானியர் அனுப்பினர். தொழிலாளர்கள் பட்ட துயரத்துக்கு எழுத்துச் சான்றாக இன்று கிடைப்பவற்றில் ஒரு பகுதி, அந்த மருத்துவர்களின் குறிப்புகளே.

சாவில் தொடங்கிய வேறுபாடு புதைகுழியிலும் தொடர்ந்தது. கைதிகள் தம்முள் இறந்தவர்களின் பட்டியலை மறைவாகப் பாதுகாத்தனர். புதைத்த இடங்களைக் குறித்து வைத்தனர். போர் முடிந்தவுடன், 1945 செப்டம்பரில், ஒரு தேடுதல் குழு பாதை நெடுகச் சென்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் கல்லறைகளைக் கண்டறிந்தது. அவை காஞ்சனபுரி, அதனருகே உள்ள சுங்காய், பர்மாவின் தான்பியூசயாட் ஆகிய மூன்று தோட்டங்களுக்கு மாற்றப்பட்டன. காலராவில் இறந்து எரியூட்டப்பட்ட 300 கைதிகளின் சாம்பலுக்குக்கூட காஞ்சனபுரியில் இரண்டு கல்லறைகள் உள்ளன. தொழிலாளர்களின் உடல்களோ பொதுக்குழிகளில் தள்ளப்பட்டன; எரிக்கப்பட்டன; காட்டில் விடப்பட்டன. அவர்களைத் தேடி எந்தக் குழுவும் புறப்படவில்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. போர் முடிந்து 45 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இது இனவேறுபாடு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயில் கட்டடத்தில், பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தாய்லாந்தின் இசுலாமிய இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, கல்லறைகளைப் பராமரிக்க இயலாமற் போனவர்கள் அவர்கள். உடல் இங்கே இல்லாவிடினும் பெயர் இருக்கிறது. காரணம், அவர்கள் ‘படைவீரர்’. அதே நாட்டிலிருந்து சென்று அதே மண்ணில் மடிந்த தோட்டத் தொழிலாளி ‘கூலி’. ஆணையத்தின் சாசனம் படையினருக்கானது. கூலி அதன் வரம்பிற்குள் வரவில்லை.

1917இல் தொடங்கப்பட்ட அந்த ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை, இறந்தோர் அனைவரையும் சமமாக நடத்துவது. தளபதிக்கும் கடைநிலை வீரருக்கும் ஒரே அளவுக் கல். பதவி, இனம், மதம் கருதி வேறுபாடு கூடாது. ஊருக்கொரு சுடுகாடு, சேரிக்கொரு சுடுகாடு என்று பிணத்துக்கும் சாதி பார்க்கும் சமூகத்திலிருந்து வரும் நமக்கு இக்கொள்கை சிறிதன்று. 2019இல்கூட வாணியம்பாடி அருகே, வயல்வழிப் பாதை மறுக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. எனவே சமமான கற்களின் வரிசை நம்மை ஈர்ப்பது இயல்பே. ஆனால் அந்தச் சமத்துவம் வேலிக்கு உள்ளே மட்டும் நிலவும் சமத்துவம். உள்ளே வரத் தகுதியுடையோர் யார் என்ற முடிவு வாயிலுக்கு வெளியே முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிட்டது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. முதல் உலகப்போர் குறித்து ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. இவர்களுள் பெரும் பகுதியினர் ஆப்பிரிக்காவில் சுமைதூக்கிகளாகவும் தொழிலாளர்களாகவும் பணியாற்றியவர்கள். ஆணையம் மன்னிப்புக் கோரியது. படையோடு இணைந்து உழைத்தவர்களுக்கே இந்நிலை என்றால், பகைப்படை பிடித்துச்சென்ற தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்திருக்கும்?

பெயர் பொறிப்பது வெறும் சடங்கு அன்று. 1818 சனவரி 1 அன்று நடந்த பீமா கோரேகான் போரின் நினைவுத்தூணில் 49 பெயர்கள் உள்ளன. அவற்றுள் 22 மகர் வீரர்களுடையவை. கம்பெனி தன் வெற்றிக்காக எழுப்பிய தூண்தான் அது. ஆயினும் பெயர்கள் கல்லில் இருந்ததால், 1927இல் அண்ணல் அம்பேத்கர் அங்கே சென்று நிற்க முடிந்தது. இன்றும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் திரள முடிகிறது. கல்லில் உள்ள பெயர் வரலாற்றில் உரிமை கோர ஒரு பிடிமானம் தருகிறது. பிடிமானம் இல்லாதவர்களின் நிலையை 1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் காட்டுகிறது. அதன் 16ஆவது பிரிவு, துன்புற்ற போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இழப்பீடு வழங்க வழிசெய்தது. தோட்டத் தொழிலாளிக்கு அப்பிரிவில் இடமில்லை. கல்லறையில் இல்லாத பெயர் இழப்பீட்டுப் பட்டியலிலும் இல்லை.

பொதுநினைவும் இதே வழியில் சென்றது. 1957இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படம் கைதிகளின் கதையாகவே அந்தப் பாதையை நிலைநிறுத்தியது. மலேசியாவில்தான் தமிழர்கள் இதனை ‘சயாம் மரண ரயில்’ என்று பெயரிட்டுத் தம் நாவல்களிலும் வாய்மொழியிலும் காத்துவந்தனர்.

ஆகவே காஞ்சனபுரி செல்வோர் கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிடக் கூடாது. அதன் அருகிலேயே வாட் தாவோன் வராராம் என்ற பௌத்த விகாரை இருக்கிறது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே ஒரு தூபியின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. மலேசியத் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் அண்மை ஆண்டுகளில் அங்கே ஒரு நடுகல்லும் எழுந்துள்ளது. போரில் வீழ்ந்தோர்க்குக் கல் நடும் பழைய தமிழ் மரபில், வாளேந்தாமல் மண்வெட்டி ஏந்தி மாண்டவர்க்கு நடப்பட்ட கல் அது.

ஆனால் அந்தக் கல்லிலும் தனித்தனிப் பெயர்கள் இல்லை. அவற்றைச் சேர்க்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. மலாயாத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய நினைவு, தமிழகத்தின் பல சேரிகளில் இன்னும் முதியவர்களிடம் இருக்கக்கூடும்: ‘சயாமுக்குப் போனார், வரவே இல்லை’ என்ற ஒரு வரியாக. ஊர், பெயர், தோட்டம், போன ஆண்டு என்று அந்த ஒரு வரியை எழுதி வைப்பது கல்லூரி மாணவர்களால் இயலும் ஆய்வுப்பணி. தேடுதல் குழு அனுப்பப்படாத மக்களுக்கு, அவர்களின் பேரப்பிள்ளைகளே தேடுதல் குழுவாக வேண்டும்.