கூஜா தூக்கலாம், வாங்க!

யூட்யூபில் சிரிக்கச் சிரிக்க வீடியோ எது என்று கேட்டால், வடிவேலுவுக்கு அடுத்தபடியாக நான் ஒரு மிக்ஸி வியாபாரியைத்தான் சொல்வேன். நம்ப மாட்டீர்கள். மேலே படியுங்கள்.

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில், பிளெண்ட்டெக் என்று ஒரு கம்பெனி. முதலாளி டாம் டிக்சன். தான் செய்த மிக்ஸி உறுதியானதுதானா என்று பார்க்க, அதில் மரக்கட்டையைச் செருகி அரைப்பது மனிதரின் வழக்கம். தரையெல்லாம் மரத்தூள். புதிதாக வந்த விற்பனை அதிகாரி இதைப் பார்த்தார். நம்ம ஊராக இருந்தால், 'முதலாளிக்கு முத்திப் போச்சு' என்று அன்றைக்கே வேறு வேலை தேடியிருப்பார். இவர் 50 டாலர் செலவழித்து ஒரு வெள்ளைக் கோட்டும் கொஞ்சம் கோலிக்குண்டும் இத்யாதிகளும் வாங்கிவந்து, 2006-ல் 'இது அரையுமா?' என்று படம் பிடித்து வெளியிட்டுவிட்டார். கோலி அரைந்தது. அடுத்த வருஷம் புத்தம்புது ஐபோனே அரைந்தது! டிக்சன் முகத்தில் கல்யாண வீட்டுச் சமையற்காரரின் பெருமிதம். விற்பனை பல மடங்கு ஏறியது.

இதில் எனக்குப் பிடித்தது, ஒளிவுமறைவு இல்லாததுதான். கடைக்காரர் கடைக்காரராகவே வந்து நிற்கிறார். 'என் சரக்கு இது, பாருங்க, சிரிங்க, வேணும்னா வாங்குங்க' என்கிறார். சின்ன வயதில் சந்தைத் திடலில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போவதாகச் சொல்லி, ஒரு மணி நேரம் நிற்க வைத்து, கடைசியில் தாயத்து விற்ற ஆசாமி ஞாபகம் இருக்கிறதா? கீரி கடைசிவரை கூடையை விட்டு வெளியே வராது. இன்றைய ரீல்ஸில் பாதி, அந்தத் தாயத்து ஜாதி.

தாயத்துக்கு வருமுன் ஒரு டம்ளர் கதை.

2023 நவம்பரில் அமெரிக்கப் பெண் ஒருவரின் கார் தீப்பிடித்து எரிந்துபோனது. மறுநாள் உள்ளே எட்டிப் பார்த்துப் படமெடுக்கிறார். எல்லாம் கரி. நடுவில் ஸ்டான்லி கம்பெனி டம்ளர் ஒன்று மட்டும் கம்பீரமாக நிற்கிறது. எடுத்து ஆட்டுகிறார். உள்ளே 'களக் களக்' என்று ஐஸ்! அவர் காசு வாங்கிக்கொண்டு எடுத்ததில்லை. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். கம்பெனித் தலைவர், "டம்ளரும் தர்றோம், புதுக் காரும் வாங்கித் தர்றோம்" என்று பதில் வீடியோ போட்டார். ஒரு கார் விலைக்கு அப்படியொரு விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

அந்த டம்ளரின் பூர்வீகம் இன்னும் ருசி. கம்பெனி 1913-லிருந்து கூலிக்காரர்களும் முகாம் போடுபவர்களும் தூக்கும் பிளாஸ்க் செய்துகொண்டிருந்தது. கைப்பிடி, உறிஞ்சுகுழல் வைத்த இந்த 1.18 லிட்டர் டம்ளர் 2016-ல் வந்தது. சீந்துவாரில்லை. மூட்டை கட்டும் நேரத்தில், 'நல்ல பொருள் எது' என்று பெண்களுக்குச் சிபாரிசு செய்துவந்த மூன்று பெண்கள், நாங்களே விற்றுக் காட்டுகிறோம் என்று 5,000 டம்ளர் வாங்கினார்கள். சில நாளில் காலி. அப்புறம் ரோஜா கலர், மல்லிகை கலர் என்று வரிசையாக வந்தது. 2019-ல் சுமார் 7 கோடி டாலராக இருந்த வருமானம் 2023-ல் 75 கோடி டாலராம். 2024 ஜனவரியில் ரோஜா நிற டம்ளருக்காக ஜனங்கள் கடை வாசலில் ராத்திரியே போய்ப் படுத்தார்கள். அதே மாதம் கலிபோர்னியாவில் ஒரு பெண் 65 ஸ்டான்லி சாமான்களைத் திருடியதாகக் கைதானார். (65-ஐயும் எந்த அலமாரியில் வைப்பாரோ!)

ஐஸ் உருகாததில் மந்திரமில்லை. இரண்டு சுவர், நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். சூடு கடந்து போகப் பாலம் கிடையாது. ஜேம்ஸ் டூவர் என்கிற விஞ்ஞானி 1892-லேயே கண்டுபிடித்துவிட்டு, காப்புரிமை வாங்காமல் விட்டார். காசு பார்த்தது தெர்மாஸ் கம்பெனி.

இந்த டம்ளர் ஆசை எங்கள் வீட்டுக்கும் வந்தது. அக்கா மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சம்பளம் 22 ஆயிரம். பொங்கலுக்கு திருச்சி வந்தவள் போனை நீட்டினாள்.

"மாமா, இதுல ரெண்டு நாள் ஐஸ் அப்படியே இருக்குமாம்!"

"ரெண்டு நாள் தண்ணி குடிக்காம அதைப் பார்த்துக்கிட்டே இருக்கப் போறியா?"

அமெரிக்க விலை 45 டாலர். அப்போதைய கணக்கில் 3,700 ரூபாய். விலை கூடப் பரவாயில்லை. அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "ஏற்கெனவே 'அப்புறம் கட்டலாம்' கடன்ல 31 ஆயிரம் நிக்குதுடா" என்று கிசுகிசுத்தாள். சுவரில் சூரியன் அஸ்தமிக்கிற மாதிரி வெளிச்சம் அடிக்கும் விளக்கு, முட்டை அவிக்கத் தனிப் பெட்டி, மேகம் மாதிரி செருப்பு... மொத்தம் பதினொரு சாமான். பாட்டிக்குக் காது மெஷின் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அதற்குத்தான் கை கூடவில்லை.

"விளம்பரத்தைப் பார்த்து ஏமாற நான் என்ன குழந்தையா மாமா? எல்லாம் ஜாலி வீடியோ" என்றாள் அவள். சரி, அந்தப் பதினொன்றையும் திரும்பப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். 2021 ஜூன் முதல் விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு விதி இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசும் சொல்லிவிட்டது: காசோ ஓசிச் சாமானோ வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் 'விளம்பரம்', 'ஸ்பான்சர்' என்று பளிச்சென்று தெரியும்படி போட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. நாலு வீடியோவில் அந்த வார்த்தை இருந்தது, 'மேலும்' என்பதை அழுத்தினால் வரும் இருபது ஹாஷ்டேகுக்கு அடியில், எறும்பு சைஸில்! மற்ற ஏழில் ஒன்றுமே இல்லை. வாங்கினார்களோ வாங்கவில்லையோ, பார்ப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அவள் முகம் சுருங்கிவிட்டது. "அந்த விளக்கு அக்கா அழுதுக்கிட்டே பேசினாங்க மாமா" என்றாள்.

விளக்கைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்த்தால், ஏழு நாள் கெடு என்றைக்கோ முடிந்திருந்தது. கடன் செயலியை போனிலிருந்து அவளே எடுத்தாள். நான் சொல்லவில்லை.

பாட்டி இதையெல்லாம் ஊஞ்சலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் போய்வந்தவள். அந்தக் கூஜா இன்னும் பரணில் இருக்கிறது. பேத்தி போனைக் காட்டியதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கூஜா அழகாத்தான் இருக்கு. கவுத்தா சிந்துமா?"

"சிந்தும் பாட்டி. குழல் வழியா வந்துடும்."

"என்னது?"

"சிந்தும்ம்ம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் பேத்தி.

"அப்புறம் என்னடி கூஜா அது!" என்றாள் பாட்டி.