உஷார்! மண்ணுக்கடியில் இருப்பது மளிகைக்கு வராது

"பேராக்கில் அரிய மண் (ரேர் எர்த்) கிடக்காம், இனி நம்ம மாநிலம் எங்கேயோ போயிடும்" என்ற பேச்சு சுங்கை சிப்புட் வரை வந்துவிட்டது. அந்தப் பேச்சை நம்பி வீட்டுக் கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. இந்த மாநிலம் ஒருமுறை இதே கனவில் இருந்து எழுப்பப்பட்டிருக்கிறது. நம் அப்பாமார்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

1985 அக்டோபர் 24. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. விலை விழாமல் தாங்கிப் பிடிக்க ஈயத்தை வாங்கி வாங்கிக் குவித்த அனைத்துலக ஈய மன்றம் கையில் காசில்லாமல் உட்கார்ந்துவிட்டது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதிக்கு இறங்கியது. உலகத்திலேயே அதிக ஈயம் எடுத்த நாடு என்ற பெருமை நமக்கு இருந்ததே, அது கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு சுரங்கத்தைக்கூடக் காப்பாற்றவில்லை. மண்ணில் ஈயம் தீர்ந்துபோனதால் மட்டும் வந்த மூடல் இல்லை இது. விலையைத் தீர்மானிக்கிற மேசையில் கிந்தா தொழிலாளிக்கு நாற்காலி கிடையாது, அவ்வளவுதான்.

அதற்கும் முன்னே 1974. ஈயத்திலும் ரப்பரிலும் நாமே உலகில் முதலிடம். அந்த ஆண்டு நாட்டின் பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தாண்டியது. அரிசி, சீனி விலை ஏற, ரப்பர் விலை இறங்கியது. கெடாவின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பசி தாளாமல் தெருவில் இறங்கினார்கள். பெட்ரோனாஸ் பிறந்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். எண்ணெய்ப் பணம் வரப்போகிறது என்று தலைநகரம் மகிழ்ந்துகொண்டிருந்தபோது பால்மரம் சீவுகிறவன் வீட்டில் உலை கொதிக்கவில்லை.

அண்மைய ஆண்டுகளின் கணக்கைப் பாருங்கள். பெட்ரோனாஸ் அரசாங்கத்துக்குக் கொடுத்த ஈவுத்தொகை 2022-ல் 5,000 கோடி வெள்ளி, 2023-ல் 4,000 கோடி, 2024-ல் 3,200 கோடி. 2025 ஜூனில் அந்த நிறுவனமே தன் ஊழியர்களில் சுமார் 10 விழுக்காட்டைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. எண்ணெய் விலை விழுந்தால் அரசின் வருமானம் சுருங்கும். ஏறினால் மானியச் செலவும் கப்பல் கூலியும் கூடும். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கத்தரி விழுவது மானியத்தில்தான். 2024 ஜூன் 10-ஆம் தேதி ஒரே இரவில் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனதை மறந்துவிட வேண்டாம். சரக்கு லோரிகள் பலவற்றுக்குச் சலுகை விலை உண்டு என்றார்கள், உண்மைதான். ஆனால் விலையைக் கூட்டக் காரணம் தேடுகிற வியாபாரிக்கு அந்த அறிவிப்பே போதும்.

"பணவீக்கம் குறைந்துவிட்டது" என்று செய்தியில் வந்தால் அங்கேயும் உஷார். 2024-ல் அது 1.8 விழுக்காடு. இதன் பொருள் விலை இறங்கியது என்பதல்ல, மெதுவாக ஏறுகிறது என்பதே. 2022 ஆகஸ்டில் பணவீக்கம் 4.7 விழுக்காடு, சாப்பாட்டுச் சாமான் அதைவிட வேகமாக ஏறியது. அப்போது ஏறிய விலை பெரும்பாலும் இறங்கவில்லை. அதன் தலைமேல்தான் இந்த 1.8 உட்காருகிறது. நம் சமையல் சாமானில் பலவும் கப்பலில் வருபவை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே சாம்பார் வைக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. அரிய மண்ணைத் தாளிக்க முடியாது!

ஹுலு பேராக்கின் கெனெரிங்கில் அரிய மண் எடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. நடக்கட்டும். ஆனால் ஈப்போ பக்கத்துப் புக்கிட் மேராவை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஈயக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டை வைத்து ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-ல் அங்கே வேலை தொடங்கியது. மிஞ்சியது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, கடைசியில் 1994-ல் கம்பெனியே மூடிக்கொண்டது. கழிவைப் புதைக்கும் வேலை அதன்பிறகும் பல ஆண்டுகள் இழுத்தது. அடுத்த கூட்டத்தில் யாராவது அரிய மண்ணின் மதிப்பைக் கோடிகளில் சொன்னால், வேலை எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு, கழிவு எங்கே, ராயல்டி யாருக்கு என்று எழுந்து கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் "அரிய மண் பங்கு, மாதம் இவ்வளவு லாபம்" என்று வந்தால் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். முதலில் செக்யூரிட்டீஸ் கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் மோசடிக்காரனுக்கு லாபம்.

கையிலிருக்கும் சேமிப்பிலும் இதே உஷார் வேண்டும். தங்கம் ஏறியிருக்கிறதே என்று தாலிக்கொடி வரை அடகு வைத்து மாதச் செலவை ஓட்டுகிறவர்கள், விலை சரிந்தாலும் வட்டி சரியாது என்பதை இப்போதே கணக்குப் போடுங்கள். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் திறந்த மூன்றாம் கணக்கை மாதாமாதம் வழித்தெடுக்கிற பழக்கமும் வேண்டாம். வேலை போகிற மாதத்துக்கு அதை விட்டுவையுங்கள்.