கழுவுதொட்டியின் கீழ் ஒழுகும் குழாய்

முன்னாளில் நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் இடம் கொல்லைப்புறத்தில் இருந்தது. துலக்கிய நீர் கல் பதித்த அங்கணத்தின் வழியே ஓடி வாழைக்கோ தென்னைக்கோ பாய்ந்தது. வழியில் சிறிது சிந்தினாலும் அது மண்ணுக்கே போயிற்று, வீட்டுக்குக் கேடில்லை. இன்று அந்த அங்கணம் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. சிங்க் என்று நாம் வழங்கும் கழுவுதொட்டி மேடையில் பதிக்கப்பட்டு, அதன் கழிவுநீர் மேடைக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு குழாயின் வழியே வெளியேறுகிறது. வசதி பெருகியது உண்மையே. ஆனால் அந்தக் குழாய் ஒழுகத் தொடங்கினால் நீர் போய்ச் சேருமிடம் வாழையடி அன்று. நம் வீட்டுச் சுவரும் தரையுமே ஆகும்.

இதனைச் சிறு விஷயம் என்று எண்ணிவிடலாகாது. நாளொன்றுக்கு 100 மில்லி லிட்டர் நீர் கசிந்தாலும் ஒரு மாதத்தில் 3 லிட்டர் ஆகிறது. வெளிச்சமும் காற்றும் புகாத மூலையில் அவ்வளவு ஈரமும் ஊறுகிறது. அலமாரிப் பலகை உப்புகிறது. கறையானுக்கு வழி ஏற்படுகிறது. ஒழுக்கின் கீழ் வைத்த ஏனத்து நீரைப் பல நாள் கொட்டாமல் விட்டால் அதில் கொசு முட்டையிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்கு நீரே விருப்பமானது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் சங்க அங்கத்தினர்களுக்கு இதனால் வரும் நஷ்டம் மற்றவர்க்கு வருவதிலும் அதிகம். நமக்கு வீடே தொழிற்கூடம், வீடே களஞ்சியம். சமையலறைச் சுவரின் மறுபுறம் தறி இருக்குமாயின், சுவரில் ஏறும் ஈரம் தறிக்குழியை எட்டும். கஞ்சி தோய்த்த பாவு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். விதைநெல்லை 13 சதவீத ஈரப்பதத்துக்கு மேற்படாமல் காயவைத்துச் சேமிக்க வேண்டும் என்பது விவசாயிகள் அறிந்ததே. அவ்வாறு பாடுபட்டு உலர்த்திய விதையை ஈரச் சுவரில் சாய்த்து வைத்தால், உலர்த்திய உழைப்பு வீணாகி முளைப்புத் திறனும் குன்றும்.

இவ்விஷயத்தில் அடியேன் கற்ற பாடம் ஒன்றுண்டு. என் இல்லத்துக் கழுவுதொட்டியின் கீழே குழாயின் வளைவிலிருந்து நீர் சொட்டிற்று. வளைவில் வெடிப்பு என்று நினைத்து, அதன்மேல் இருகலவைப் பசையைப் பிசைந்து அப்பினேன். நான்காம் நாள் மீண்டும் சொட்டிற்று. மறுபடி அப்பினேன், மறுபடியும் சொட்டிற்று. மூன்றாம் முறையும் அவ்வாறே ஆயிற்று. இதற்குள் ஒன்றரை மாதம் கழிந்தது. சுவருக்கு அப்பால் தறியில் ஏற்றியிருந்த பாவின் ஓரத்தில் கரும்புள்ளிகள் தோன்றின. இரண்டு சேலைக்குரிய பாவு பழுதாயிற்று. பிறகு ஒரு நாள் குழாயை முழுவதும் துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. குழாயின் வளைவில் ஒரு குற்றமும் இல்லை. தொட்டியின் வாயருகே இருந்த ரப்பர் வாஷர் நைந்துபோய், அங்கிருந்து கசிந்த நீர் குழாயின் வெளிப்புறமாகவே வழிந்து, தாழ்ந்த இடமாகிய வளைவில் வந்து சொட்டியிருக்கிறது! சில ரூபாய் விலையுள்ள ஒரு வளையத்தை மாற்றியதும் ஒழுக்கு நின்றது.

நீர் சொட்டும் இடம் வேறு. கசியும் இடம் வேறு. இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே. நெசவாளர்க்கு இது புதிதன்று. துணியில் இழை விட்ட குறை முன்னால் தெரிகிறது. அறுந்த இழையையோ அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் சென்று தேடுகிறோம். விவசாயிக்கும் இது புதிதன்று. வரப்பின் அடியில் நீர் ஊறக் கண்டால், நண்டு வளை மேலே எங்கிருக்கிறது என்றுதான் பார்க்கிறார். அந்த அறிவையே சமையலறைக்கும் கொண்டுவர வேண்டும்.

குழாயின் அமைப்பு

பழுது பார்க்குமுன் அமைப்பை அறிதல் அவசியம். தொட்டியின் அடித் துளையில் பொருத்தப்பட்டிருப்பது வேஸ்ட் கப்ளிங். அதன் மேல்வாய் தொட்டிக்குள் வட்டமாகப் படிந்திருக்கும். அதன் கழுத்து தொட்டிக்குக் கீழே இறங்கியிருக்கும். கழுத்தில் ஒரு ரப்பர் வாஷரும், அதனை மேல்நோக்கி இறுக்கும் செக் நட்டும் உண்டு. அதற்குக் கீழே வேஸ்ட் பைப் இன்னொரு நட்டினால் இணைக்கப்பட்டிருக்கும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் மடிப்பு மடிப்பாக வளையும் பிளாஸ்டிக் குழாயே. சில வீடுகளில் இடையே பாட்டில் டிராப் என்னும் குடுவையோ, வளைகுழாயோ இருக்கும்.

இந்தக் குடுவையும் வளைவும் வீண் அலங்காரம் அல்ல. அவற்றில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்கும். சாக்கடையின் துர்நாற்றமும் பூச்சிகளும் மேலேறாதபடி அந்த நீரே கதவாக நின்று தடுக்கிறது. 1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிப்பறைக்காகக் காப்புரிமை பெற்ற வளைகுழாய் இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. ஆகவே ஒழுகுகிறது என்று வளைவை நீக்கிவிட்டு நேர்குழாய் வைப்பது, திருடனுக்கு அஞ்சிக் கதவையே கழற்றி எறிவதற்கு ஒப்பாகும்.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

முதலில் மேடைக்கு அடியில் உள்ள பொருள்கள் யாவற்றையும் அப்புறப்படுத்துக. அங்கே தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியோ மின்செருகியோ இருந்தால், ஈரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். பிறகு குழாய், நட்டுகள், தொட்டியின் அடிப்புறம் ஆகிய அனைத்தையும் உலர்ந்த துணியால் ஈரமறத் துடைத்துவிட்டு, கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரிக்க வேண்டும். அதன்பின் மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்.

முதற் சோதனை: தொட்டிக்கு மேலுள்ள குழாயைத் திறந்து, விழும் நீரை ஒரு வாளியில் பிடிக்க வேண்டும், தொட்டிக்குள் நீர் விழலாகாது. இப்போதே கீழே சொட்டினால், குற்றம் நீர் வரும் குழாயில் உள்ளது. கழிவுக் குழாயில் அன்று.

இரண்டாம் சோதனை: தொட்டியின் துளையை அடைப்பானால் அடைத்து, பாதியளவு நீர் நிரப்பிக் கால் மணி நேரம் விட வேண்டும். அடைப்பான் சரியாக அடைத்திருந்தும் கீழே கப்ளிங்கைச் சுற்றி ஈரம் தோன்றினால், குற்றம் தொட்டியின் வாயில் உள்ளது.

மூன்றாம் சோதனை: அடைப்பானை எடுத்து நீர் முழுவதையும் ஒருசேர விட வேண்டும். நீர் வேகமாக இறங்கும்போது ஒவ்வொரு மூட்டையும் ஒரு காகிதத் துண்டால் மேலிருந்து கீழாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். காகிதம் முதலில் எங்கே நனைகிறதோ அதுவே கசியும் இடம். அதற்குக் கீழே தெரியும் ஈரம் யாவும் வழிந்து வந்ததே.

மூட்டைச் சரிசெய்தல்

இதற்கு வேண்டிய சாதனங்கள்: ஒரு வாளி, பழைய துணி, கைவிளக்கு, பழைய பல் துலக்கி, அகன்ற வாயுள்ள குறடு அல்லது பைப் ரெஞ்சு, புதிய வாஷர்கள்.

அடைப்பு நீக்குவதற்காகச் சமீபத்தில் அமிலமோ காரப்பொடியோ ஊற்றியிருந்தால் உடனே குழாயைக் கழற்றலாகாது; உள்ளே தங்கிய நீர் கண்ணையும் தோலையும் புண்ணாக்கிவிடும். முதலில் நிறைய நீர் விட்டு அலசிவிட்டு, கையுறை அணிந்தே தொட வேண்டும்.

வாளியைக் கீழே வைத்து நட்டைக் கழற்றுக. கீழிருந்து மேல்நோக்கிப் பொருந்தும் நட்டை, கீழிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்பினால் கழலும். கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணிமேல் அடுக்கி வைத்தால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் நேராது. மரைகளில் படிந்த பிசுக்கையும் வாஷர் அமரும் இடத்தையும் பல் துலக்கியால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பல சமயங்களில் வாஷர் நல்ல நிலையிலேயே இருந்து, அதன் கீழ் ஒட்டிய ஒரு பருக்கையே கசிவுக்குக் காரணமாக இருப்பதுண்டு.

வாஷர் இறுகிக் கல்லாகியிருந்தாலும், வெடித்திருந்தாலும், தட்டையாக நசுங்கியிருந்தாலும் மாற்றிவிடுவதே நலம். பழைய வாஷரைக் கடைக்குக் கையோடு கொண்டு செல்க. கழிவுக் குழாய்களில் 32, 40 மில்லி மீட்டர் என இரு அளவுகள் வழக்கில் உள்ளன. கண்ணளவால் வாங்கினால் இரண்டாம் முறை நடக்க நேரிடும். ஒருபுறம் சரிவாக அமைந்த வாஷராயின், சரிந்த பக்கம் மூட்டின் உட்புறத்தையும், தட்டைப் பக்கம் நட்டையும் நோக்கியிருக்க வேண்டும்.

மரையின்மேல் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டால் எல்லாம் தீரும் என்று பலர் எண்ணுகின்றனர். இரும்புக் குழாயின் மரை மூட்டுகளுக்கு அது ஏற்றது. வாஷர் உள்ள மூட்டில் நீரைத் தடுப்பது வாஷரே. மரை அதனை அழுத்திப் பிடிப்பதற்கு மட்டுமே. வாஷர் கெட்டிருக்க மரையில் டேப் சுற்றுவதால் பயனில்லை.

நட்டை முதலில் கையாலேயே பூட்ட வேண்டும். கோணலாக ஏறினால் உடனே கழற்றி மீண்டும் நேராகப் பூட்டுக. கையால் இறுகிய பின் குறட்டால் கால் சுற்றுத் திருப்பினால் போதும். பலமெல்லாம் கூட்டி இறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு வெடித்துவிடும்; வாஷரும் பிதுங்கிவிடும்.

தொட்டியின் வாய் கசிந்தால் இருவர் வேண்டும். மேலே ஒருவர் கப்ளிங் சுழலாமல் பிடித்துக்கொள்ள, கீழே ஒருவர் செக் நட்டைக் கழற்ற வேண்டும். கப்ளிங்கை எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, இடத்தை நன்கு உலர்த்துக. மேல்வாயின் அடியில் சிலிக்கோன் பசையை வளையமாக இட்டுப் பொருத்தி, கீழே புது வாஷருடன் நட்டை இறுக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் தொட்டியில் நீர் விடலாகாது. பசை ஈரத்தில் ஒட்டாது. அவசரப்பட்டால் வேலை இரட்டிக்கும்.

வளைகுழாயே மடிப்பில் வெடித்திருந்தால் ஒட்டுப்போட முயல வேண்டாம். புதிய குழாய் வாங்குவதே சிக்கனம். அதனை நீர் வழிந்தோடும் சரிவோடு பொருத்த வேண்டும். தேவைக்குமேல் நீளமாக விட்டுத் தொங்கவிட்டால் தொங்கும் இடங்களிலெல்லாம் கசடு தங்கும். குழாயின் முனை தரைத்துளைக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி இருந்தால் கரப்பான் பூச்சி வரும். அதற்குரிய ரப்பர் வளையத்தால் மூடிவிடுக.

வேலை முடிந்ததும் முன் சொன்ன இரண்டாம், மூன்றாம் சோதனைகளை மீண்டும் செய்ய வேண்டும். மறுநாள் காலையிலும் செய்தித்தாள் உலர்ந்திருந்தால் வெற்றி என்று கொள்ளலாம்.

வருமுன் காத்தல்

நம் வீடுகளில் கழிவுக் குழாய்க்கு விரோதியாக இருப்பது பெரும்பாலும் வடிகஞ்சியே. பி.வி.சி. குழாய் சுமார் 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கும்படி அமைந்ததன்று. கொதிக்கும் கஞ்சியை நாள்தோறும் ஊற்றினால் குழாய் நெகிழ்ந்து மூட்டுகள் தளரும். ஆறிய கஞ்சியோ உள்ளே பசையாகப் படிந்து அடைக்கும். கஞ்சி மாட்டுத் தொட்டிக்கும் பாவுக்கும் உரியது, குழாய்க்கு உரியதன்று. எண்ணெயையும் பருக்கையையும் அவ்வாறே தவிர்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பாட்டில் டிராப்பின் அடிக்குடுவையைக் கழற்றிக் கழுவி, அதே சமயம் எல்லா மூட்டுகளையும் கையால் தடவிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ பதிந்த குழாய் கசிந்தாலும், துருவேறிய பழைய இரும்புக் குழாய் அசைய மறுத்தாலும், கை தேர்ந்த குழாய்த் தொழிலாளரையே அழைக்க வேண்டும். அப்போதும் கசியும் இடத்தை முன்பே கண்டு சொன்னால் அவருக்கு நேரமும் நமக்குக் கூலியும் மிச்சமாகும்.

பைப் ரெஞ்சு ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைக்க வேண்டுவதில்லை. தெருவுக்கு ஒன்று போதும். சங்கத்தில் ஒன்றை வைத்து, வேண்டுவோர் எடுத்துச் சென்று திருப்பித் தரும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். அங்கத்தினர்கள் இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு தத்தம் கழுவுதொட்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பார்ப்பார்களாக. அங்கே ஈரம் இல்லையெனில் மகிழ்ச்சி. இருந்தால், பசையைத் தேடுமுன் துணியைத் தேடுக; துடைத்த பின்னரே உண்மை தெரியும்.