குளத்து மீன் யாருடையது?

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் கைக்குத் தூண்டில் வந்துவிடுகிறது. ஒரு கம்பு, கொஞ்சம் தங்கூசி, சிரட்டை நிறைய மண்புழு. தாய்மாருக்கும் ஆணத்துக்கு மீன் கிடைக்கும் என்ற மகிழ்ச்சி. ஆனால் எந்தக் குளத்துக்குப் போகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறையில் என் மகன் கூட்டாளிமாருடன் சென்று மூன்று பெரிய ரோகு மீன்களைக் கொண்டு வந்தான். ஆக்கி உண்டோம். மறுநாள் அயற்கிராமத்து விவசாயி ஒருவர் மத்ரஸா வாசலில் வந்து நின்றார். "மௌலவி, உங்கட பிள்ளைகள் புடிச்சது நாங்க வளர்த்த மீன்" என்றார். அவர் கோபப்படவில்லை. அதனாலேயே எனக்கு வெட்கம் அதிகமாயிற்று.

நம் நாட்டில் இரு வகைக் குளங்கள் உண்டு. கோடையில் வற்றிவிடும் சிறு குளங்கள் ஒரு வகை. மாரி மழையில் அவை நிறைந்ததும் ஊர்ச் சங்கத்தார் ரோகு, கட்லா போன்ற மீன்குஞ்சுகளை வாங்கி விடுவார்கள். நீர் வற்றும் மாதங்களில் பிடித்து விற்றுப் பங்கிடுவார்கள். அம்மீன்கள் அங்கே பொதுவாகத் தாமாகப் பெருகுவதில்லை. ஒரு மீன் குறைந்தால் ஒருவருடைய பங்கு குறைகிறது.

மற்றையவை ஆண்டு முழுவதும் நீருள்ள பெருங்குளங்கள். 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா அவற்றில் தானே இனம்பெருக்கி வாழ்கிறது. அங்கும் மீனவர் சங்கங்களும் விதிகளும் உண்டு. மின்னேரிக் குளம் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியது. அத்தகைய இடங்களில் நினைத்தபடி தூண்டில் போட முடியாது.

கடலிலும் ஆற்றிலும் தானாக வளரும் மீன் பிடித்தவருக்குரியது. அடைபட்ட நீரில் ஒருவர் காசு செலவழித்து வளர்த்தது அவருடைய உடைமை. மீனை அறுக்காமல் உண்ணலாம் என்பதற்காகப் பிறருடைய மீன் நமக்கு ஹலாலாகிவிடாது.

அன்று மாலையே மகனை அழைத்துச் சென்று, அவன் சேர்த்து வைத்திருந்த பெருநாள் காசிலிருந்தே விலையைக் கொடுக்க வைத்தேன். அந்த விவசாயி வாங்கிக்கொண்டு, "பெரிய குளத்தில கேட்டுப் போட்டுப் புடி மகன், அங்க திலாப்பியா நிறைய இருக்கு" என்று வழியும் சொன்னார்.

சகோதரிகளே, பிள்ளை தூண்டிலை எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? ஊரில் விசாரித்தால் தெரிந்துவிடும். எந்த நேரம் போகிறாய்? நல்ல வெயிலில் மீன் ஆழத்துக்கு ஒதுங்கும். காலையும் அஸருக்குப் பின்னும் கரையோரம் வரும். மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும். இருட்டினால் யானையும் தண்ணீருக்கு வரும். எந்தக் கரையில் நிற்பாய்? துருசு, வான் பாயும் இடம், பாசி படிந்த கல், தாமரை அடர்ந்த பகுதி ஆகியவை ஆபத்தானவை. முதலை உள்ள குளமென்றால் போகவே வேண்டாம். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

இப்போதும் என் மகன் தூண்டில் போடுகிறான். ஒரு நாள் வெறுங்கையோடு வந்தபோது, "கேட்டுத்தான் போட்டேன் வாப்பா, கடிக்கவில்லை" என்றான். அன்று பருப்புக் கறியோடு உண்டோம். மனம் நிறைந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.