யாழ்ப்பாணத்தின் முதற் பெண் முதல்வர்

'முதல்வர்' என்னுஞ் சொல்லின் பால் யாதென வகுப்பில் வினவினால், பலர்பால் என்பர் மாணவர். உயர்வு குறித்து ஒருவர்க்கு வருங்கால் அஃது ஆண், பெண் இருவர்க்கும் பொதுவென நான் விளக்குவதுண்டு. ஆயினும் 1949 இல் யாழ்ப்பாண மாநகர சபை தோன்றியது முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அச்சொல் அங்கே ஆடவரையே சுட்டியது. 1998 இல் அவ்வழக்கை மாற்றியவர் திருமதி சரோஜினி யோகேஸ்வரன்.

அவர்தங் கணவர், யாழ்ப்பாணத் தொகுதியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரன், 1989 ஜூலை 13 ஆந் திகதி கொழும்பிலே அமிர்தலிங்கம் அவர்களுடன் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். கணவர் பெயரே மனைவியை உயர்த்தியது என்பாரும் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. அப்பெயரைத் தாங்கி அன்று தேர்தலில் நிற்பது ஆபத்தை அழைப்பதேயாகும்.

1998 ஜனவரி 29 இல் நிகழ்ந்த உள்ளூராட்சித் தேர்தல், 1983 இன் பின் யாழ்ப்பாணம் கண்ட முதலாவது. நகரம் இராணுவத்தின் பிடியில் இருந்தது. 1981 இல் தீக்கிரையான நூலகம் பாழடைந்து நின்றது. 1995 இல் இடம்பெயர்ந்து மீண்டோர் இடிபாடுகளிடையே வாழ்ந்தனர். அரசியல் தீர்வு வருந்துணையும் குப்பையும் வடிகாலும் காத்திருக்குமா? தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் நின்ற அவர் முதல்வரானார்.

மே 17 ஆந் திகதி தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தேர்தல் முடிந்து நான்கு திங்களும் நிரம்பவில்லை. 'சங்கிலியன் படை' என்ற பெயரில் உரிமை கோரப்பட்டது. புலிகளே செய்தனர் எனப் பலரும் நம்பினர். அவர்பின் முதல்வரான பொன். சிவபாலன், அவ்வாண்டு செப்டெம்பர் 11 இல் குண்டுவெடிப்பில் மாண்டார்.